காபிப் பாறையில் ஒரு சிவப்புத் துண்டு

துண்டை எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடாரம் அடித்து முடித்த கையோடு ஒரு தடவை, சனிக்கிழமை காலை காபி குடிக்கும்போது இன்னொரு தடவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு அவர்கள் "எங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார்கள்.

மார்ட்டன் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். மினசோட்டாவின் வடக்கு ஓரம், எதிர்க்கரை கனடா. அப்பா காகித ஆலையில் மரக்கட்டை இறக்குகிறார். அம்மா ஏரிக்கரை விடுதியில் அறை கூட்டிப் படுக்கை மாற்றுகிறாள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்து மினியாபொலிஸில், கூடாரமும் தூங்கும் பையும் விற்கிற ஒரு கம்பெனியில் விளம்பர வாசகம் எழுதுகிறேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதை நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் முதலாளி பிராண்ட் ஹால்வர்சன் கையில் இருந்தது.

"என்னைச் சார்னு கூப்பிடாதம்மா டார்சி, நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சேர்ந்த அன்றே சொன்னவர் அவர். அந்தக் குடும்பத்தில் யார் எப்போது வெளியே போவார்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பெனியின் புதுக் கூடாரத்தைப் படம் பிடிக்க ஓர் ஏரி தேவைப்பட்டது. "நீ அந்த ஊர்ப் பொண்ணுதானே, நீயே கூட்டிட்டுப் போ" என்றார். கூட்டிக்கொண்டு போவது என்றால் சமைப்பது, விறகு பொறுக்குவது, சாமான் சுமப்பது என்று பொருள். பிராண்ட், அவர் மனைவி மெரெடித், படம் எடுக்க ஜோனா, நான். ஆக நான்கு பேர். ஜோனாவும் என்னைப் போலச் சம்பளத்துக்கு இருப்பவன்தான். ஆனால் அவன் அப்பா வக்கீல்.

நாங்கள் தங்கியது தேசியப் பூங்காவின் பதினேழாம் எண் முகாமிடம். அந்த ஏரியில் எந்த முகாமிடத்துக்கும் சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும். கூடாரம் அடிக்கக் கொஞ்சம் சமதரை, நெருப்புக்கு ஓர் இரும்பு வளையம், ஒரு மேசை, கரடி கை வைக்காமல் சாப்பாட்டைப் பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டி. அவ்வளவுதான் வசதி. குளிர்காலத்திலேயே இணையத்தில் பதிந்து வைத்தால் அந்த நாட்களுக்கு இடம் உங்களுடையது.

பதினேழு என்பது பூங்கா கொடுத்த எண். எங்கள் ஊரில் அதன் பெயர் காபிப் பாறை. மேற்கே இருந்து காற்று கிளம்பினால் அந்தப் பக்கத்தில் படகை ஒதுக்க உருப்படியான இடம் அது ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் செங்குத்துப் பாறை, அலை மோதித் திரும்பும். காற்றில் மாட்டியவர்கள் அங்கே ஏறி, காபி போட்டுக் குடித்து, காற்று தணியும் வரை உட்கார்ந்திருப்பார்கள். யார் பெயரில் பதிவு என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை முழுக்க ஒரே பைன் மரம், ஒரே சாம்பல் பாறை. எங்கே இறங்குவது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் கரையில் இருப்பவர்கள் ஒரு துடுப்பைக் கல் இடுக்கில் நிமிர்த்திச் செருகி, அதன் தலையில் ஏதாவது துணியைக் கட்டி வைப்பார்கள். சட்டையோ சாக்கோ, எது கைக்கு வருகிறதோ அது. "இங்கே இறங்கலாம், கயிறு பிடிக்க ஆள் இருக்கிறோம்" என்று அதற்கு அர்த்தம். ஆள் கிளம்பும்போது துணியை அவிழ்த்துத் துடுப்பைச் சாய்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சின்ன வயதில் நான் விளையாட்டுக்கு ஒரு முறை துணி கட்டியதற்கு அப்பா என்னை அந்தக் கோடை முழுக்கப் படகில் ஏற்றவில்லை.

மெரெடித் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து, தன் சிவப்புத் துண்டைக் காயப்போட இடம் தேடி, ஒரு துடுப்பை இறங்குபாறையில் நிமிர்த்திச் செருகி அதன் தலையில் போட்டாள்.

"அத எடுத்துடுங்க மெரெடித். இங்க அப்படிப் போட்டா, காத்துல மாட்டினவங்க இங்க வரலாம்னு அர்த்தம்."

"நெஜமாவா?" அவள் கண்கள் விரிந்தன. "பிராண்ட், கேட்டீங்களா? எவ்ளோ அழகான பழக்கம்! ஜோனா, இத ஒரு படம் எடு. சூரியன் பின்னாடி வர்ற மாதிரி."

ஜோனா எடுத்தான். துண்டு அங்கேயே இருந்தது.

"எடுத்துடலாமா?" என்று மறுநாள் காலையில் கேட்டேன்.

"இருக்கட்டும்டா செல்லம், பாக்க லட்சணமா இருக்கு" என்றாள் மெரெடித்.

நானே போய் எடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பைக் கவனிக்கத் திரும்பியதும் அது மறுபடி துடுப்பில் ஏறியிருந்தது. ஜோனாவுக்கு இன்னும் ஒரு படம் தேவைப்பட்டதாம். அதற்கப்புறம் என்னை விறகு பொறுக்க அனுப்பிவிட்டார்கள்.

மதியத்துக்கு மேல் காற்று திசை மாறியது. மேற்கே வானம் ஈயப் பாத்திரம் போலக் கறுத்தது. ஏரியின் நடுவில் வெள்ளை நுரை எழும்பி, சற்று நேரத்தில் தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உருள ஆரம்பித்தது. நான் விறகுக் கட்டோடு மேட்டில் நின்று பார்த்தபோதுதான் அந்தப் படகு தெரிந்தது. பழைய அலுமினியப் படகு, பின்னால் ஒரு சின்ன மோட்டார், உள்ளே இரண்டு பேர். ஏரிக்குள் தள்ளி இருந்த பருந்துத் தீவின் மறைவிலிருந்து வெளியே வந்து, திறந்த தண்ணீரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தீவின் மறைவில் இருந்திருந்தால் நனைந்திருப்பார்கள், வேறு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த மறைவை விட்டு இந்த அலையில் இறங்க அவர்களுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அது இறங்குபாறையில் சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது.

விறகைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கீழே பிராண்ட் இறங்குபாறையின் விளிம்பில் நின்று, போக்குவரத்துப் போலீஸ்காரர் போல ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தார். படகு இப்போது கூப்பிடு தூரத்தில் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு காபி டின்னால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் காலைச் சுற்றி, படகுக்குள் தேங்கிய தண்ணீரில், தீவில் பறித்த புளூபெரிப் பழம் ஒரு வாளி நிறையக் கொட்டி மிதந்தது.

"மன்னிக்கணும்!" பிராண்ட் வாய்க்குக் கை குவித்துக் கத்தினார். "இது எங்க இடம்! பதிவு பண்ணியிருக்கோம்!"

மோட்டாரைப் பிடித்திருந்தவள் பதிலுக்குக் கத்தினாள். "இடத்த யாருய்யா கேட்டா? கயித்தப் பிடி!"

"பக்கத்துல பதினெட்டாம் நம்பர் இருக்கு! அங்க கேட்டுப் பாருங்க!"

"எதப் பாக்கச் சொல்ற? கண்ணுக்குள்ள தண்ணி!"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வெர்னா ஸ்கோக்லண்ட், எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். முன்னால் இருந்தது அவள் தங்கை ஜாய்ஸ்.

இறங்க இருக்கிற ஒரே இடத்தை எங்கள் வாடகைப் படகு அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டுத் தரையைப் பெயர்த்து மிதக்கவிட்டு அதன் மேல் சோபா வைத்தது போல இருக்கும் அந்தப் படகு. அதை ஓரமாகத் தள்ளினால்தான் சின்னப் படகு உள்ளே வர முடியும். நான் அதன் கயிற்றில் கை வைத்தேன்.

"டார்சி, தொடாதே. வாடகைப் படகு அது, கீறல் விழும்."

"தள்ளலன்னா அவங்க பாறையில மோதிடுவாங்க."

"அவங்க பதினெட்டுக்குப் போகட்டும். நான் சொல்லிட்டேன்."

"பதினெட்டுக்குப் போறதுன்னா காத்துக்குப் பக்கவாட்டா திரும்பணும். திரும்பினா கவுந்துடும்."

"இவ்வளவு காத்துல வெளிய வந்தது அவங்க தப்பு. அதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது."

"உங்க துண்டப் பாத்துத்தான் வந்திருக்காங்க!"

"அது ஒரு துண்டும்மா" என்றார் பிராண்ட். குழந்தைக்குச் சொல்வது போல, பொறுமையாக.

இதை எழுதும்போதும் என் பல் கடிபடுகிறது. பயத்தில் உளறியிருந்தால் மன்னித்திருப்பேன். இவர் பயப்படவில்லை. காலணி கூட நனையாமல், கையில் காபிக் குவளையோடு, இரண்டு பெண்கள் முங்கப்போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு விதி பேசினார். அந்தப் பழக்கம் படத்தில் இருக்கிற வரை அழகு. படகில் ஏறி வாசலுக்கு வந்துவிட்டால் அத்துமீறல்.

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

சோபாப் படகு காற்றில் சுழன்று, கரையின் மறு ஓரத்துப் பாறையில் பக்கவாட்டாக உரசியது. ஆலையில் மரப்பட்டை உரிக்கும் சத்தம். பிராண்ட் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அதற்குள் நான் இடுப்பளவு தண்ணீரில் இருந்தேன். ஆகஸ்ட் மாதத்திலும் அந்த ஏரித் தண்ணீர் எலும்பைத் தொடும். ஒரு அலை வந்து மார்பு வரை நனைத்தது. அடுத்த அலையில் அலுமினியப் படகின் மூக்கு என் இடுப்பெலும்பில் வந்து இடித்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"கயிறு!" என்றேன் கரையைப் பார்த்து.

ஜோனா ஒரு கயிற்றை எறிந்தான். சரியாகத்தான் எறிந்தான். ஆனால் காலணி நனையாத தூரத்தில் நின்று எறிந்தான். எறிந்துவிட்டு பிராண்ட் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

வெர்னாவும் இறங்கித் தள்ள, இரண்டு பேருமாகப் படகை வழுக்குப் பாறையில் ஏற்றினோம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏய், காங்காஸ் வீட்டுப் பொண்ணுதானே நீ? பஸ்ஸுல தினமும் வாந்தி எடுப்பியே, அவளா?"

"தினமும் இல்ல."

"நான்தான்டீ கழுவினேன், எனக்குத் தெரியாதா?" என்றவள் பிராண்டின் பக்கம் திரும்பினாள். "துணியக் கட்டினது யாரு?"

மெரெடித் கூடார வாசலில் நின்று துண்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"தீவுலயே இருக்கலாம்னு நான் சொன்னேன்" என்றாள் ஜாய்ஸ். பற்கள் தந்தியடித்தன, உதடு அந்தப் பழம் போல நீலமாக இருந்தது. "இவதான், 'அங்க ஆளு இருக்கு, சூடா காபி இருக்கும், வாடீ'ன்னா. வந்து பாத்தா ஒரு ஆளு வாசல்ல நின்னு டிக்கெட் கேக்குறான்."

நான் நெருப்பை மூட்டினேன். விளம்பரப் படத்துக்கென்று பிரிக்காமல் வைத்திருந்த புதுத் தூங்கும் பையின் உறையைக் கிழித்து, அதை எடுத்து ஜாய்ஸைச் சுற்றினேன்.

"டார்சி, அது படம் எடுக்கிறதுக்குன்னு வச்சது" என்றார் பிராண்ட்.

"இப்ப எடுத்துக்கோங்க. நல்லா வரும்."

குத்தலாகத்தான் சொன்னேன். ஆனால் அப்படியே நடந்தது. சற்று நேரத்தில் ஜாய்ஸின் கன்னத்தில் ரத்தம் திரும்பி, கையில் குவளையும் முகத்தில் நெருப்பு வெளிச்சமுமாக அவள் உட்கார்ந்திருக்க, மெரெடித் மெல்ல ஜோனாவின் முழங்கையைத் தொட்டாள். அவன் கேமராவை எடுத்தான்.

"ரொம்ப இயல்பா இருக்கு" என்றாள் மெரெடித் மெதுவான குரலில்.

"கேக்க வேணாமா அவங்கள?" என்றேன்.

"எடுத்துக்கட்டும் விடு" என்றாள் வெர்னா. பையிலிருந்து ஈரமான ரொட்டியும் இறைச்சித் துண்டும் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். "ஜாய்ஸோட கல்யாணத்துலகூட எவனும் இத்தன படம் எடுக்கல."

பிராண்டும் வந்து உட்கார்ந்தார். சோபாப் படகைப் போய்த் தடவிப் பார்த்து, கீறலைப் படம் எடுத்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் முகம் மாறியிருந்தது. ஏதோ ஒன்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த முகத்தை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

"யோசிச்சுப் பாருங்க" என்றார் எல்லோருக்கும் பொதுவாக. "நம்ம துண்டு அங்க இல்லன்னா இவங்க இன்னும் தண்ணியில இருந்திருப்பாங்க. இதுதான் கதை. முகம் தெரியாத ரெண்டு பேர், ஒரு புயல், ஒரு நெருப்பு. 'எங்கள் நெருப்பு எல்லோருக்கும்.' எப்படி இருக்கு? டார்சி, திங்கக்கிழமை காலைல இத எழுதிடு. உன் ஊர்ப் பேச்சோட வாசனை வரணும்."

வெர்னா மெல்லுவதை நிறுத்தினாள். "எந்த நெருப்பு? இந்தப் பொண்ணு மூட்டுச்சே, இதுவா?"

பிராண்ட் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

"எழுதுறேன்" என்றேன். "'மன்னிக்கணும், இது எங்க இடம்'னு ஆரம்பிக்கிறேன். அடுத்த வரி, 'கீறல் விழும், தொடாதே.'"

நெருப்பில் ஒரு கட்டை வெடித்தது. ஜோனா கேமராவின் ஏதோ ஒரு பொத்தானை ஆராய்ந்தான்.

"நீ கோவத்துல இருக்க" என்றார் பிராண்ட், குரலைத் தாழ்த்தி. "புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன். உன்ன மாதிரிப் பின்னணியிலேர்ந்து வர்ற ஒருத்திக்கு இந்த வேல எவ்வளவு பெரிய வாய்ப்புன்னு கொஞ்சம் நெனச்சுப் பாரு."

பின்னணி. அவருடைய பின்னணி அவர் அப்பா கொடுத்துவிட்டுப் போன கம்பெனி. அதை யாரும் பின்னணி என்பதில்லை, திறமை என்கிறார்கள். என் பின்னணி மட்டும் வாசனையாக விளம்பரத்தில் வர வேண்டும், ஆளாக முன்னால் வந்து பேசக் கூடாது. நெருப்பு மூட்டத் தெரிந்தால் நல்லது, கயிற்றை அவிழ்த்தால் கோபக்காரி. நான்கு வருடம் இரவில் உணவகத்தில் தட்டுக் கழுவிப் பகலில் படித்தது, இந்த மனிதரின் கைத்தடியாகப் பொய் எழுதவா?

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. வேலை போனால் மினியாபொலிஸ் வாடகைக்கு என்ன செய்வேன் என்ற கணக்கு தடுத்தது.

பிராண்ட் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மெரெடித், போய் அந்தத் துண்ட எடுத்துடு. இன்னும் யாராவது பாத்துட்டு வந்து சேரப்போறாங்க."

மெரெடித் இறங்குபாறையை நோக்கி நடந்தாள். நான் அவளுக்கு முன்னால் போய்த் துடுப்பின் பக்கத்தில் நின்றேன்.

"இப்ப எடுக்கக் கூடாது."

"நீதானே எடு எடுன்னு உயிர வாங்கின?"

"அப்ப கயிறு பிடிக்க ஆள் இல்ல. இப்ப நான் இருக்கேன்."

அவள் பிராண்டைத் திரும்பிப் பார்த்தாள். காற்று இன்னும் விடவில்லை. சனிக்கிழமை, ஊரில் பாதிப் பேர் தண்ணீரில் இருப்பார்கள். துண்டு என் தலைக்கு மேல் படபடவென்று அடித்துக்கொண்டது. துடுப்பின் அடியில் இரண்டு கல்லை எடுத்து வைத்து இன்னும் இறுக்கினேன்.

பிராண்ட் இறங்கி வந்தார். கையில் அதே காபிக் குவளை. "டார்சி, இந்த இடம் என் பேர்ல பதிவாயிருக்கு. யார் வரலாம், யார் வரக் கூடாதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். தள்ளு."

"உங்க கூடாரத்துக்குள்ள யாரும் வர மாட்டாங்க. இது பாறை."

"திங்கக்கிழமை ஆபீஸ்ல பேசிக்குவோம்."

"பேசிக்குவோம்."

அவர் துடுப்பை நோக்கிக் கையை நீட்டினார். நான் நகரவில்லை. என் சட்டையிலிருந்து இன்னும் ஏரித் தண்ணீர் சொட்டி அவருடைய நல்ல காலணியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பின்பு கையையும்.

மேலே இருந்து வெர்னா குரல் கொடுத்தாள். "அடியே, காபி ஆறுது, வந்து குடிக்கிறியா, அங்க கொண்டாரவா?"

"கொண்டாங்க!"

பிராண்ட் மேலே போனார். கூடாரத்தின் பக்கம் அவரும் மெரெடித்தும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. 'நன்றிகெட்ட' என்ற சொல் மட்டும் காற்றில் இறங்கி வந்தது. நன்றி எதற்கு என்று கேட்க நினைத்தேன். ஆனால் அதற்குள் தீவின் முனையைத் தாண்டி ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. அலை இறங்கியபோது மறைந்தது, ஏறியபோது மறுபடி தெரிந்தது. மரப்படகு, துடுப்புப் போடுகிற படகு, உள்ளே மூன்று தலைகள். கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குறுக்கும் நெடுக்கும் தத்தளித்தது.

பிறகு அதன் மூக்கு எங்கள் பக்கம் திரும்பியது.

நான் கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வெர்னா என்று நினைத்துத் திரும்பினால் ஜோனா. தண்ணீரின் விளிம்பில் நின்று, தன் காலணியையும் அலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிராண்ட் பாத்துட்டிருக்காரு" என்றான்.

"பாக்கட்டும். நீ யோசிச்சது போதும்" என்று கயிற்றின் ஒரு முனையை அவன் மார்பில் எறிந்தேன். "பிடி."